கோமாளி விலகாத மேடை: ‘தோர்: லவ் அண்ட் தண்டர்’

2022 ஜூலையில் இந்தப் படம் வெளியானபோது இலங்கையில் பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டிருந்தன. ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போய்ப் படம் பார்ப்பதை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. பல மாதங்கள் கழித்து வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். அதுவரை எதிர்பார்ப்பு வளர்ந்துகொண்டே இருந்தது. அதற்குக் காரணம் இயக்குநர் டைகா வைடீடி. இடியின் தெய்வமான மார்வெல் நாயகன், விறைத்து நின்ற தோரை 2017இல் ‘ரக்னரொக்’ படத்தில் இலகுவாக்கி நம்மைச் சிரிக்க வைத்தவர் அவர். 2019இல் வந்த ‘ஜோஜோ ரபிட்’ படத்தில், நாசி ஜெர்மனியில் வளரும் ஒரு சிறுவனின் கதையை வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டு வந்து, ஒரு சோடிச் சப்பாத்தை மட்டும் காட்டி நெஞ்சை அடைக்க வைத்தவரும் அவர்தான். அதன் திரைக்கதைக்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது. பிள்ளையின் சாவும் புற்றுநோயும் நடுவே நிற்கும் ஒரு கதை இப்படிப்பட்டவரின் கைக்குப் போனதே நல்லது என்று நம்பியிருந்தேன்.

தொடக்கக் காட்சி அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறது. வறண்ட பாலையில் தாகத்தால் மகளைப் பறிகொடுக்கும் கோர், அதுவரை தான் வழிபட்ட தெய்வத்தையே நேரில் காண்கிறான். அதுவோ விருந்துண்டபடி அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. மழைக்கும் நோய்க்கும் ஒரே மாரியம்மன் சந்நிதியில் முறையிட்டு வளர்ந்த தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு அவன் கோபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. கிறிஸ்டியன் பேல் அந்தக் கோபத்தைக் கண்ணிலும் குரலிலும் ஏற்றி நடித்திருக்கிறார். ஆனால், தெய்வங்களைக் கொல்பவன் என்று பெயரெடுத்த அவனைப் படம் அதன்பின் நெடுநேரம் ஓரத்திலேயே நிறுத்திவிட்டு, கதறும் இரண்டு ஆடுகளை நடுவே கொண்டுவருகிறது. அவை முதல்முறை கத்தும்போது சிரித்தேன். பிறகு அவை கத்தியபோதெல்லாம் கதை எப்போது தொடரும் என்று காத்திருந்தேன். தோர் தன் பழைய சுத்தியலிடம் குழையும்போது புதிய கோடரி பொறாமையுடன் மெல்ல நகர்ந்து வரும் வேடிக்கை மட்டும் கடைசிவரை சலிக்கவில்லை, ஏனென்றால் அது தோரின் மனத்தையும் காட்டுகிறது. கிரேக்கக் கடவுள் சூஸாக ரசல் குரோ வரும் பகுதி நீளம்.

என்னை வருத்தியது தோரின் முன்னாள் காதலி ஜேன் ஃபொஸ்டரின் கதை. நான்காம் கட்டப் புற்றுநோயுடன் இருக்கும் அவளுக்குத் தோரின் பழைய சுத்தியல் வலிமை தருகிறது. அதே சுத்தியல், நோயோடு போராட உடலில் மிஞ்சியிருக்கும் தெம்பையும் உறிஞ்சிவிடுகிறது. எவ்வளவு கனமான கற்பனை! மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருக்கும் நோயாளிக்கு அவள் விண்வெளி விஞ்ஞானம் விளக்கும் காட்சியைப் பார்த்தபோது, பொகவந்தலாவையிலிருந்து மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு நான் அழைத்துப்போன பெரியம்மாவின் நினைவு வந்தது. பக்கத்துக் கட்டில்காரியைச் சிரிக்க வைக்காமல் அவர் ஒருநாளும் ஊசி போட்டுக்கொண்டதில்லை. நோயாளியின் வாயிலிருந்து வரும் அந்தச் சிரிப்பில் உயிர் இருக்கிறது. ஆனால், சண்டைக்கு நடுவே சொல்வதற்கு ஏற்ற பஞ்ச் வசனம் ஒன்றைத் தேடி அவளை அலையவிடும் பகிடி அப்படிப்பட்டதன்று. அது எழுதியவர்கள் மேலே ஒட்டிய பகிடி, அவளுடைய வேதனையை நாம் நெருங்கும் ஒவ்வொரு முறையும் அது குறுக்கே வந்து நிற்கிறது.

மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் நடக்கும் காமன் கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ரதியும் மன்மதனும் தப்பு முழங்க, லயம் எனும் வரிசை வீடுகள்தோறும் ஆடிவரும்போது கிண்டலுக்கும் கேலிக்கும் குறைவிருக்காது; கோமாளி கங்காணியையும் விடமாட்டான், பூசாரியையும் விடமாட்டான். அப்படியிருந்தும், சிவனின் நெற்றிக்கண் மன்மதனை எரித்து, ரதி தலைவிரித்து ஒப்பாரி தொடங்கும் வேளையில், அதே கோமாளி தானாகவே கூட்டத்துக்குள் ஒதுங்கிவிடுவான். அவனுக்கு யாரும் சைகை காட்டுவதில்லை. தெய்வத்தின் சாவையும் மனைவியின் துக்கத்தையும் பகிடியையும் ஒரே இரவில் தாங்கும் கலை எங்களுக்குப் புதிதன்று. அதனால்தான், வேடிக்கை காட்டியதற்காக இந்தப் படத்தை நான் குறை சொல்லவில்லை, ஒதுங்க வேண்டிய நேரத்தில் அதன் கோமாளி ஒதுங்காததைத்தான் குறை சொல்கிறேன்.

இருந்தாலும் ஒரு பகுதிக்காக இதை இன்னொரு முறை பார்ப்பேன். நிழலுலகில் நிறம் முழுவதும் வடிந்து, திரை கறுப்பு வெள்ளையாகி, ஆயுதங்களின் ஒளி படும் இடத்தில் மட்டும் வண்ணம் தெறிக்கிறது. அங்கே கோர், தோரிடமும் ஜேனிடமும் தாழ்ந்த குரலில் பேசும்போது படம் முதன்முறையாக அவசரமில்லாமல் இருக்கிறது. பகிடி இல்லாமலேயே நாம் இருக்கை நுனிக்கு வருகிறோம். ஏறத்தாழ 2 மணி நேரப் படத்தில் அந்த அடக்கம் இன்னும் அரை மணி நேரம் நீடித்திருந்தால் இறுதிக் காட்சிகள் வேறாகியிருக்கும்.

முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். தோரின் கைகளில் ஜேன் உயிர் விடுகிறாள். கோர் பழியைக் கைவிட்டு மகளை மீட்டுக்கொள்கிறான். இரண்டும் அழ வைக்க வேண்டிய காட்சிகள். என்னோடு உட்கார்ந்து பார்த்த அக்காவின் பிள்ளைகள், ரதியின் ஒப்பாரி கேட்டுக் கண் கலங்கி வீடு வந்தவர்கள்தாம். ஜேன் மறைந்ததும் சின்னவள் என் பக்கம் திரும்பி, “ஆடு திரும்ப வருமா மாமா?” என்று கேட்டாள்.