நெஸ்ட் ஜேஎஸ்: எங்கே கத்துகிறது, எங்கே வாய் திறக்காது

ஜாவாஸ்கிரிப்டைச் சேர்வரில் ஓட்டுகிற நோட் ஜேஎஸ்ஸில் ஓரளவு பெரிய சேர்வர் வேலை செய்யப்போகிறவர்கள் நெஸ்ட் ஜேஎஸ்ஸை நம்பி எடுக்கலாம். இதை முதலே சொல்லிவிடுகிறேன். சேர்வர் மென்பொருள் கட்டுவதற்கான சட்டகம் அது, போலந்துக்காரரான கமில் மிஷ்லிவியெட்ஸ் 2017இல் வெளியிட்டது. ரைப்ஸ்கிரிப்டில் எழுதப்பட்டது, ஆங்குலர் என்ற இணையப்பக்கச் சட்டகத்தின் அமைப்பைப் பின்பற்றியது, காசும் இல்லை. எங்கட குழுவுக்கு அது நல்லாய் உழைத்திருக்கிறது. ஆனால் ஈவென்ட்களை (இன்னது நடந்தது என்ற அறிவிப்புகளை) வைத்து ஓடுகிற அப்ளிகேசனில் டிபென்டன்சி இன்ஜெக்சன் (ஒரு கிளாசுக்குத் தேவையானவற்றைச் சட்டகமே உருவாக்கிக் கொடுப்பது) பிழைபட்டால், அதைத் தேடிப் பிடிக்கிற விதமே வேறு. புதிதாக எடுப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு எடுக்கவேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து வேலை செய்கிறோம். பனங்கட்டி, புழுக்கொடியல், ஒடியல் மா, மிளகாய்த்தூள் என்று ஊர்ச் சாமான்களை ஒன்லைனில் விற்கிற ஒரு கடைக்கான மென்பொருள் எங்கட கையில் இருக்கிறது. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் ஓடர் வரும், சாமான் இங்கே சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும். ஓடர் பதிவானவுடன் ஒரு ஈவென்ட் கிளம்பும். அதைக் கேட்டு ஒரு லிசனர் இருப்பைக் குறைக்கும், இன்னொன்று எஸ்எம்எஸ் அனுப்பும், மற்றது பொதி கட்டுகிறவர்களுக்குத் துண்டு அடிக்கும். ஒவ்வொரு லிசனருக்கும் தேவையான சேர்விஸ்களை கொன்ஸ்ரக்டரில் (கிளாஸ் உருவாகும்போது ஓடுகிற பகுதியில்) கேட்டால் போதும், நெஸ்ட் உருவாக்கித் தந்துவிடும்.

அந்தத் தருகிற வேலையில் ஏதும் குறைந்தால் நெஸ்ட் அப்ளிகேசனைத் தொடங்கவே விடாது. இது அதன் மிகப் பெரிய நல்ல குணம். "நெஸ்ட் கான்ட் ரிசோல்வ் டிபென்டன்சீஸ்" என்று தொடங்குகிற அந்தச் சிவப்பு வரியைக் கண்டு கனபேர் பயப்படுகிறார்கள். பயப்படத் தேவையில்லை, வடிவாக வாசித்தால் முழு விடையும் அதற்குள்ளேயே கிடக்கும். முதலில் கிளாசின் பெயர். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள் கொன்ஸ்ரக்டர் கேட்டவை வரிசையாக நிற்கும். கிடைக்காததன் இடத்தில் ஒரு கேள்விக்குறி. பிறகு அதன் இண்டெக்ஸ் இலக்கம். பூச்சியத்தில் இருந்து எண்ணுவதால் 1 என்றால் இரண்டாவது சாமான். கடைசியில், ஒன்றோடொன்று சேர்ந்த கிளாஸ்களைக் கட்டிவைக்கிற மொடியூலின் பெயர். அவசரத்தில் எல்லாரும் தவறவிடுவது இந்தக் கடைசிப் பெயரைத்தான். சேர்விஸ் எங்கேயோ ஒரு மொடியூலில் இருப்பது போதாது. அந்த மொடியூல் அதை எக்ஸ்போர்ட் செய்து, வரியில் பெயர் வந்த மொடியூல் அதை இம்போர்ட் செய்திருக்கவேண்டும்.

கிடைக்காத சாமானின் பெயர் "ஒப்ஜெக்ட்" என்று வந்தால் காரணம் வேறு. கொன்ஸ்ரக்டரில், வடிவத்தை மட்டும் சொல்கிற இன்ரர்ஃபேஸ் ஒன்றைக் கேட்டிருப்பீர்கள். ரைப்ஸ்கிரிப்ட் ஜாவாஸ்கிரிப்டாக மாறும்போது இன்ரர்ஃபேஸ் அழிந்துபோகும், நெஸ்ட்டுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. அடையாளப் பெயராக ஒரு டோக்கன் கொடுத்து இன்ஜெக்ட் செய்தால் சரி. "அன்டிஃபைன்ட்" என்று வந்தால் இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்கின்றனவா என்று பாருங்கள். அனேகமாக நடுவில், மற்றக் கோப்புகளைத் திரட்டி வெளியே தருகிற ஒரு இண்டெக்ஸ் கோப்பு இருக்கும். பிறகு தேடிக்கொள் என்று நெஸ்ட்டுக்குச் சொல்கிற ஃபோர்வேர்ட்ரெஃப் போட்டு மூடிவிடலாம். எனக்கு அது விருப்பமில்லை. ஓடரும் இருப்பும் ஒன்றையொன்று கூப்பிடுவதை அறுக்கத்தானே ஈவென்ட் வைத்தோம்?

கரைச்சல் ஈவென்ட் பக்கத்தில்தான் தொடங்குகிறது. ஈவென்ட்டை எழுப்புகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையிலான தொடர்பு கொன்ஸ்ரக்டரில் தெரியாது, வெறும் பெயர் ஒன்றுதான் இரண்டையும் இணைக்கிறது. ஒரு லிசனரை எந்த மொடியூலின் புறொவைடர்களிலும் (நெஸ்ட் உருவாக்கவேண்டியவற்றின் பட்டியலிலும்) சேர்க்காமல் விட்டால் அப்ளிகேசன் ஒழுங்காகத் தொடங்கும், பச்சை வரிகள் எல்லாம் ஓடும், ஓடரும் பதிவாகும். எஸ்எம்எஸ் மட்டும் போகாது. சிவப்பு வரி ஒன்றுமே வராது. ஈவென்ட்டின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் இதே கதிதான். அதனால் எங்கட கோட்டில் ஈவென்ட் பெயர்களைக் கையால் தட்டச்சு செய்ய யாருக்கும் அனுமதி இல்லை, எல்லாம் ஒரே கோப்பில் கொன்ஸ்ரன்ட்டாக இருக்கின்றன.

இதைவிடக் கெட்டது, ஒரே லிசனர் இரண்டு தரம் பிறப்பது. இந்த மென்பொருளை வேறொரு குழுவிடம் இருந்து பொறுப்பெடுத்த புதிதில் எங்களோடு வேலை செய்கிற தம்பி வந்து சொன்னான்: "அக்கா, ஒரு ஓடருக்கு ரெண்டு எஸ்எம்எஸ் போகுது. ஆனா டேற்றாபேஸில ஓடர் ஒண்டுதான் கிடக்கு." எஸ்எம்எஸ் கேற்வே திருப்பி அனுப்புகிறதோ என்று அவன் அங்கே தேடிக்கொண்டிருந்தான். நான் லிசனரின் கொன்ஸ்ரக்டருக்குள் ஒரு கொன்சோல் லொக் வரியைப் போட்டுத் தொடங்கச் சொன்னேன். அந்த வரி இரண்டு தரம் வந்தது. அந்த லிசனர் ஓடர் மொடியூலின் புறொவைடர்களிலும் இருந்தது, அறிவித்தல் மொடியூலின் புறொவைடர்களிலும் இருந்தது. இரண்டு மொடியூலில் எழுதினால் நெஸ்ட் இரண்டு பிரதிகளை உருவாக்கும். ஈவென்ட்களைப் பரப்புகிற ஈவென்ட் எமிற்றர் எல்லாப் பிரதிகளையும் தேடிப் பதிந்துகொள்ளும். இரண்டும் தங்கட வேலையை ஒழுங்காகச் செய்தன. இருப்பு லிசனருக்கும் அதே நிலை. பத்துக் குட்டான் பனங்கட்டி விற்றால் இருபது குறைந்தது. ஒரு மொடியூலில் மட்டும் வைத்துவிட்டு மற்றதில் இருந்து எடுத்தோம், அவ்வளவுதான். கொன்ஸ்ரக்டரில் ஒரு வரி போட்டு எண்ணிப் பார்ப்பதைத்தான் இப்போது முதல் சோதனையாக எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

நேரமும் முக்கியம். லிசனர்கள் பதியப்படுவது அப்ளிகேசன் பூட்ஸ்ட்ராப் கட்டத்தில். அதற்கு முந்தி, மொடியூல் இனிற் கட்டத்திலேயே ஈவென்ட் ஒன்றை எழுப்பினால் கேட்க ஆள் இருக்காது. லிசனருக்குள் எறியப்படுகிற பிழையும் இயல்பாக லொக்கில் எழுதப்பட்டு அங்கேயே நின்றுவிடும். மேலே வரவேண்டும் என்றால் சப்ரஸ்எரர்ஸ் என்ற தெரிவை ஃபோல்ஸ் ஆக்கி, எமிற்அசிங்க் கொண்டு எழுப்பிக் காத்திருக்கவேண்டும். இருப்புக் குறைப்புக்கு நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். எஸ்எம்எஸ்ஸுக்குத் தேவையில்லை.

பிழை தேட நெஸ்ட் தருகிற கருவிகள் தரமானவை. நெஸ்ட்_டிபக் என்ற சூழல் மாறியை வைத்துத் தொடங்கினால் ஒவ்வொரு சாமானையும் எந்த மொடியூலில் தேடியது, எங்கே கண்டது என்று வரிவரியாகச் சொல்லும். 2022இல் 9ஆம் பதிப்போடு வந்த ரெப்ல், அதாவது கட்டளை அடித்து உடனே விடை பார்க்கிற திரை, இன்னும் நல்லது. டிபக் என்று அடித்தால் மொடியூல்களும் அவற்றின் புறொவைடர்களும் கண்ணுக்கு முன்னால் வரிசையாக வரும். இரட்டைப் பிரதியை அதிலேயே கண்டுவிடலாம்.

சோதனைகளை விரெஸ்ட் என்ற கருவியில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று: ரைப்ஸ்கிரிப்டை மாற்ற அது ஈஎஸ்பில்ட்டைப் பாவிக்கிற பதிப்பானால், நெஸ்ட் கொன்ஸ்ரக்டர் கேட்டவற்றை அறிந்துகொள்ளப் பார்க்கிற டெக்கரேற்றர் மெற்றாடேற்றா எழுதப்படாது. அப்ளிகேசன் ஓடும், சோதனையில் மட்டும் சேர்விஸ்கள் அன்டிஃபைன்ட் ஆக வரும். அதற்குப் பதிலாக மாற்றித் தருகிற எஸ்டபிள்யூசி செருகியைப் போட்டால் தீரும்.

ஏற்கெனவே பழைய பதிப்பில் இருப்பவர்கள் 2025 தொடக்கத்தில் வந்த 11க்கு ஏறும்போது டைனமிக் மொடியூல்களை (அமைப்பைக் கொடுத்து உருவாக்குகிற மொடியூல்களை) ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தி ஒரே அமைப்புள்ள டைனமிக் மொடியூலை இரண்டு இடத்தில் எழுதினாலும் நெஸ்ட் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். 11இல் அவை இரண்டு வேறு மொடியூல்கள். உள்ளே லிசனர் இருந்தால் அதுவும் இரண்டாகும். ஒரு மாறியில் வைத்து, அந்த மாறியையே இரண்டு இடத்திலும் இம்போர்ட் செய்யுங்கள்.