10 சதவீதமா, 20 சதவீதமா? நரம்பு வழி ஏற்றும் கொழுப்பும் இரத்தக் கொழுப்பும்

குறைமாதத்தில் பிறந்த ஒரு கிலோ எடைக் குழந்தை. குடிக்கிற பால் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நரம்பு வழியாக நாளுக்கு 3 கிராம் கொழுப்பு போக வேண்டும். பால்போல வெளுத்த அந்தத் திரவத்தில் எண்ணெய் 10 சதவீதம் என்றால் 30 மில்லி ஏறும். 20 சதவீதம் என்றால் 15 மில்லி. நீர்த்திருப்பதுதான் பிஞ்சு உடம்புக்குத் தாங்கும் என்று தோன்றும். இரத்தப் பரிசோதனையோ நேர்மாறாகச் சொல்கிறது.

சிக்கல் எண்ணெயில் இல்லை. சோயா எண்ணெய் தண்ணீரோடு கலந்து நிற்பதற்காக முட்டை மஞ்சள்கருவிலிருந்து எடுத்த பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பைச் சேர்க்கிறார்கள். இன்ட்ராலிபிட் என்ற சோயா எண்ணெய்த் திரவத்தின் இந்த இரண்டு வகையிலுமே அது 100 மில்லிக்கு 1.2 கிராம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதே 3 கிராம் எண்ணெயோடு 10 சதவீதத்தில் 360 மில்லிகிராம் பாஸ்போலிப்பிட் உள்ளே போகிறது, 20 சதவீதத்தில் 180. எண்ணெய்த் துளிகளைப் போர்த்தியது போக மிஞ்சியது தனிக் குமிழ்களாக மிதக்கும். அவை திசுக்களிலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொண்டு லிப்போபுரோட்டீன்-எக்ஸ் என்ற துகளாகி, நாள்கணக்கில் இரத்தத்தில் சுற்றும். கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் நொதிக்கும் குறுக்கே நிற்கும். அதனால் இரத்தத்தில் கொலஸ்ட்ரால், பாஸ்போலிப்பிட், ட்ரைகிளிசரைடு (எண்ணெயின் முக்கியக் கொழுப்பு) மூன்றுமே 10 சதவீதத்தில்தான் கூடுதலாக ஏறுகின்றன. தயக்கமே இல்லை, என் ஓட்டு 20க்கு.

சரி, எந்த எண்ணெய்? ஸ்மோஃப்லிபிட் என்ற கலப்பு எண்ணெய்த் திரவத்தில், எண்ணெயில் சோயாவின் பங்கு 30 சதவீதம்தான். மீதி எம்சிடி (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு), ஆலிவ், மீன் எண்ணெய். கல்லீரலுக்கு ஆகாத தாவர ஸ்டெரால் (கொலஸ்ட்ரால் போன்ற தாவரப் பொருள்) இதில் குறைவு என்பதால், வாரக்கணக்கில் ஏற்ற வேண்டியவர்களின் கல்லீரலை நினைத்து இதையே விரும்புவேன்.

ஆனால் எதை ஏற்றினாலும் வேகம் கூடினால் ட்ரைகிளிசரைடு எகிறும். குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குப் பரப்பி ஏற்றுவதே நல்லது. செப்சிஸ் எனும் கடும் தொற்று வந்துவிட்டால் நேற்றுவரை செரித்த அளவே இன்று தேங்கக்கூடும். பெரியவர்களின் ஐசியுவில் ப்ரோபோஃபாலையும் மறக்காதீர்கள். அந்த மயக்க மருந்து கலந்திருப்பதே 10 சதவீத சோயா எண்ணெய்க் கலவையில்தான், மில்லிக்கு 1.1 கலோரி. அதையும் கொழுப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கு ட்ரைகிளிசரைடு 100 மில்லி இரத்தத்துக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் அளவைக் குறைப்பது வழக்கம். பச்சைக் குழந்தைகளுக்கு 265லேயே கை வைக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்த குழாயில் சீரம் வைக்கோல் நிறமாகத் தெளியாமல் மோர்போல நின்றால், ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் முதலில் பம்பின் வேகத்தைப் போய்ப் பாருங்கள்.