கையை எடுத்தால் சாயும் விமானம்: புஷ்ஷா, ஃபிளாப் தண்டா, தகடா?

"யோக்கிலிருந்து கையை எடுத்தால் இடது பக்கம் சாய்கிறது." சிறு விமானங்களின் புகார்ப் புத்தகங்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. யோக் என்பது ஓட்டுநர் கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரம். எழுதியவருக்கு அது ஒரு வரி. ஹேங்கரில் இருப்பவனுக்கு இரண்டு நாள் வேலை. இந்தச் சாய்வைச் சரிசெய்ய ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறார். எல்லாம் ஒரே பலனைத் தருவதுபோல் தோன்றும், ஆனால் தருவதில்லை.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் எரிபொருளைப் பாருங்கள். செஸ்னா 172-இல் தேர்வுக் குமிழை 'இரண்டும்' என்ற நிலையில் வைத்தாலும், இரு தொட்டிகளும் சமமாக வடியும் என்ற உறுதி இல்லை. 20 லிட்டர் வித்தியாசம் என்றால் சுமார் 14 கிலோ. அது உடலிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. இடது இருக்கையில் தனியாக அமர்ந்திருக்கும் ஒருவரின் எடை தரும் சாய்வுக்கு இது கிட்டத்தட்ட நிகர். பைப்பர் செரோக்கியில் 'இரண்டும்' என்ற நிலையே கிடையாது. இடது அல்லது வலது மட்டும்தான். ஆகவே தொட்டியை மாற்ற மறந்த ஓட்டுநருக்கு நேரம் ஆக ஆக ஒரு பக்கம் கனத்துக்கொண்டே போகும். அதைக் கோளாறு என்று புகார் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பந்து. சறுக்கல் காட்டியில் பந்து நடுவில் இல்லாமல் பறந்தால், விமானம் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகிறது என்று பொருள். அந்தச் சறுக்கலே ஒரு இறக்கையைத் தூக்கும். எனவே பயண வேகத்தில், பயணத்துக்குரிய எஞ்சின் சக்தியில், சுக்கான் (வாலில் மூக்கை இடவலமாகத் திருப்பும் பலகை) மிதியைக் காலால் அழுத்திப் பந்தை நடுவில் நிறுத்திவிட்டுத்தான் கையை எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் சாய்ந்தால் குறை இறக்கைப் பக்கம். சாயவில்லை என்றால் சுக்கான் பக்கம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வேலையைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தைத்தான் திருகியிருப்பார்கள்.

இனி வழிகள். 172-இல் இறக்கையின் பின் ஸ்பார் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் உத்திரம்) உடலோடு சேரும் போல்ட்டில், துளை நடுவில் இல்லாமல் ஓரமாகத் துளைக்கப்பட்ட புஷ்கள், அதாவது போல்ட்டைச் சுற்றி அமரும் உலோக வளையங்கள், உண்டு. கனக்கும் பக்கத்தில், அதாவது விமானம் சாயும் பக்கத்தில், அவற்றின் தடித்த பகுதி மேலே வரும்படி திருப்பினால் இறக்கையின் பின்விளிம்பு மயிரிழை கீழே இறங்கும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும், தூக்கு விசையும் கூடும். அந்தப் பக்கம் முழுவதும் திருப்பியும் போதவில்லை என்றால், மறுபக்க இறக்கையில் தடித்த பகுதியைக் கீழே கொண்டுவந்து அதன் கோணத்தைக் குறைக்க வேண்டும். ஒரே போல்ட்டில் உள்ள இரண்டு புஷ்களையும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும் என்பது இதில் தவறக்கூடாத விதி. ஒன்றைத் திருப்பிவிட்டு மற்றதற்குப் போனால் துளைகளின் நேர்கோடு குலைந்து போல்ட்டின் மேல் சுமை ஏறும்.

என் கணக்கில் இது எல்லாவற்றிலும் நேர்மையான வழி. இறக்கைகளின் கோணத்தில் ஏதோ சிறிய வேறுபாடு இருக்கிறது. அந்தக் கோணத்தையே திருத்துகிறோம். காற்றில் எதையும் புதிதாக நீட்டவில்லை, வேகமும் குறையாது. ஆனால் வேலை மெதுவானது. இறக்கை வேரில் உள்ள மூடுபட்டையைக் கழற்ற வேண்டும், திருப்ப வேண்டும், மறுபடி பொருத்திப் பறந்து பார்க்க வேண்டும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. இன்னொரு விலையும் உண்டு. கோணம் கூட்டிய இறக்கை ஸ்டாலை, அதாவது தூக்கு விசை திடீரெனக் குறையும் நிலையை, முதலில் எட்டும். ஆகவே சீராக்கிய விமானத்தை நேராகப் பறந்து பார்த்தால் மட்டும் போதாது. போதிய உயரத்தில் ஸ்டால் செய்து, எந்தப் பக்கம் எப்படி விழுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

செரோக்கியின் வழி இதற்கு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. அங்கே புஷ் கிடையாது. கனக்கும் பக்கத்து ஃபிளாப்பின் (இறக்கையின் பின்பக்கம், உடலை ஒட்டிக் கீழே இறங்கும் பலகை) கட்டுப்பாட்டுத் தண்டைச் சற்று நீட்டி, ஃபிளாப்பை நடுநிலையிலிருந்து மிகச் சிறிதளவு கீழே இறக்கிவிடுகிறார்கள். தண்டின் இரு முனைகளிலும் சோதனைத் துளைகள் உண்டு. அவற்றில் கம்பியை நுழைத்துப் பார்க்க வேண்டும். கம்பி உள்ளே போனால் மரை போதிய அளவு பிடிக்கவில்லை என்று பொருள். மறுபக்க ஃபிளாப்பை நடுநிலைக்கு மேலே தூக்கிச் சமன்செய்வது தடை. ஒரே ஆள், அரை மணி நேரம், வேலை முடிந்தது. இதைச் சோம்பேறி வைத்தியம் என்று சிலர் இகழ்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். செரோக்கி இறக்கையின் கோணத்தைத் திருப்ப எளிய வழி இல்லாத இடத்தில் இது உரிய வழிதான். ஆனால் அளவு மீறி இறக்கினால் இரண்டு ஃபிளாப்களும் கண்ணுக்குத் தெரியும்படி வேறுபடும். அது குறையை மறைத்துக்கொண்டிருப்பதன் அடையாளம்.

பைப்பர் கப் போன்ற பழைய விமானங்களில் இறக்கையைத் தாங்கும் பின் கோலின் முனையில் மரை உள்ள கவை இருக்கிறது. அதைத் திருகினால் கோலின் நீளம் மாறி இறக்கையே முறுகும். அழகான ஏற்பாடு. ஆனால் துரு பிடிப்பதும் விரிசல் காண்பதும் அந்த மரையில்தான். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் (FAA) இதற்கெனப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. சாய்வைத் திருத்தப் போகிறவர் முதலில் அந்தக் கவையின் உடல்நிலையைப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

வீட்டில் கட்டும் விமானங்களில், குறிப்பாக வேன்ஸ் ஆர்.வி. வகைகளில், ஒரு விசித்திரமான வழி உண்டு: எய்லரானின் (இறக்கை நுனிப் பக்கம் மேலும் கீழும் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் பலகை) பின்விளிம்பை அழுத்துவது. கனக்கும் இறக்கையை அல்ல, கனக்காத பக்கத்து எய்லரானை. மடித்த தகட்டின் விளிம்பு கொஞ்சம் மெலிந்தால் அந்த எய்லரான் காற்றில் சற்று மேலே மிதக்கும். அந்த இறக்கையும் அடங்கும். காசு செலவில்லை, கூடுதல் தகடு இல்லை, இழுவையும் இல்லை. ஆனால் அழுத்தியதைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. ஒரு நாளில் இருமுறை அழுத்தி, மூன்றாம் முறை வருந்துகிறவர்கள் உண்டு. இதை 172-இல் முயன்று பார்க்கக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையிருக்காது என நினைக்கிறேன்.

இப்போது தகடு. சுக்கானின் பின்விளிம்பில் ரிவெட் அடித்த சிறு தகட்டைத் தரையில் வளைத்துவிடுவது, பந்து ஒரு பக்கம் போவதற்கான மருந்து. வலது காலை அழுத்தியே பறக்க வேண்டியிருந்தால், தகட்டை இடது பக்கம் வளைக்க வேண்டும். காற்று அதைத் தள்ளச் சுக்கான் வலது பக்கம் திரும்பும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். இது ஒரு வேகத்துக்கு மட்டும் சரிவரும். ஏறும்போது வலது கால் தேவைப்படத்தான் செய்யும். அதையும் தகட்டால் தீர்க்க முயன்றால் பயணத்தில் இடது கால் வலிக்கும். அலுமினியம் திரும்பத் திரும்ப வளைந்தால் மடிப்பில் விரிசல் விடும். எனவே கொஞ்சம் வளை, பறந்து பார், அவ்வளவுதான். 172-இல் இன்னொரு பொறியும் உண்டு: முன்சக்கரத்தைத் திருப்பும் சுருள் தண்டுகள் சுக்கானோடு இணைந்திருப்பதால், அவை சரியாக அமையாவிட்டால் சுக்கானையே ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கும். அதைத் தகட்டால் மறைத்த விமானத்தில் தகடு கொக்கிபோல வளைந்திருக்கும்.

டர்ன்பக்கிளை (கட்டுப்பாட்டுக் கேபிளின் நீளத்தை மாற்றும் திருகை) திருகிச் சாய்வைத் தீர்க்கலாம் என்பது நீண்டநாள் மூடநம்பிக்கை. கையை எடுத்துவிட்டால் எய்லரான்கள் காற்றில் தங்களுக்கான சமநிலையைத் தாங்களே தேடிக்கொள்ளும். கேபிளின் நீளத்தை ஒரு பக்கம் குறைத்து மறுபக்கம் கூட்டினால் யோக் மட்டும் வேறு கோணத்தில் நிற்கும், விமானம் அதே பக்கம்தான் சாயும். யோக் நேராக நிற்கிறது என்று மகிழ்ந்தவரை நான் பார்த்திருக்கிறேன். கேபிள் இறுக்கத்தைச் சரிபார்ப்பது வேறு வேலை, அது கட்டாயம். வெயிலில் அலுமினிய உடல் எஃகுக் கேபிளைவிட அதிகம் விரிவதால் நண்பகலில் அளந்த இறுக்கமும் அதிகாலையில் அளந்ததும் ஒன்றாக இராது. வெப்பநிலைக்கேற்ற அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை எங்கள் ஹேங்கருக்கு வந்த 172-இல் இடது புஷ்கள் எல்லைவரை திருப்பப்பட்டிருந்தன, சுக்கான் தகடும் வளைந்திருந்தது. அப்படியும் இடது பக்கம் சாய்ந்தது. அளவுகோலை வைத்தபோது வலது ஃபிளாப் முழுவதும் மூடாமல் ஒரு பென்சில் கனத்துக்குத் தொங்கியது. பறப்புக் குறிப்புகளில் இறக்கை கனத்தைப் பற்றி மூன்று பதிவுகள் இருந்தன. ஃபிளாப்பை அளந்ததாக ஒன்றுகூட இல்லை. ஃபிளாப்பைச் சரிசெய்தோம். தகட்டை நேராக்கினோம். புஷ்களை நடுவுக்குத் திருப்பிவிட்டு மறுபடி பறந்தபோது, பந்து நடுவில் இருந்தது.