காயினை மாற்றுவதா, அல்காரிதத்தையே மாற்றுவதா?

2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோகரன்சி மைனிங்கை, அதாவது கணினிகள் கணக்குப் போட்டுக் காயின் சம்பாதிக்கும் முறையைக் கைவிட்டது. அதுவரை எதீரியத்தின் அல்காரிதமான ஈத்தாஷை ஓட்டிய ஜிபியு (கிராஃபிக்ஸ்) கார்டுகள் ரேவன்காயினின் காபாவ், எதீரியம் கிளாசிக்கின் ஈட்சாஷ், எர்கோவின் ஆட்டோலிகோஸ் என்று பிரிந்தன. ஒரே காயினில் நிற்பதா, லாபம் பார்த்துக் காயின் விட்டுக் காயின் தாவும் பூலில் (பலர் சேர்ந்து மைன் செய்து பங்கு பிரிக்கும் குழு) சேர்வதா என்ற பழைய கேள்விக்கு அன்று சூடு கூடியது. தாவல் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் ஆகும் செலவு ஒன்றல்ல.

ஒரே அல்காரிதத்துக்குள் காயினை மட்டும் பூல் மாற்றினால் பொதுவாகச் சேதம் மிகக் குறைவு. இணைப்பு அறுவதில்லை, புதிய வேலை வந்ததும் கார்டு பழையதை விட்டுவிடும். பாதி முடித்த கணக்கு வீணாகிறதே என்று பலர் பதறுகிறார்கள். அப்படி எதுவுமில்லை. ஒவ்வொரு ஹாஷும் (கார்டு போடும் ஒரு கணக்கு) தனி முயற்சி, முந்தையது அடுத்ததற்கு உதவுவதில்லை. மாறும் நொடியில் அனுப்பிய ஓரிரண்டு ஷேர்கள் (உழைப்புக்குச் சான்றாகப் பூலுக்கு அனுப்பும் விடைகள்) தாமதம் என்று தள்ளப்படலாம், அவ்வளவுதான்.

பெரும்பாலும் அல்காரிதத்தை மாற்றும்போதுதான் கார்டு உண்மையிலேயே சும்மா நிற்கிறது. பழைய புரோகிராம் நின்று புதியது கிளம்ப வேண்டும், வேறு போர்ட்டில் இணைய வேண்டும். காபாவ், ஈட்சாஷ் என்றால் கணக்குக்குத் தேவையான, பல ஜிபி அளவுள்ள டேக் என்ற தரவுக் கோப்பைக் கார்டின் மெமரியில் புதிதாக உருவாக்க வேண்டும். ஒரு தாவலுக்கு ஒரு நிமிடம் போகிறது, 20 நிமிடத்துக்கு ஒருமுறை தாவுகிறோம் என்று வையுங்கள்: 5 சதவீதம் போயிற்று. லாபப் பட்டியலில் 3 சதவீதம் கூடுதலாகத் தெரிந்த காயினுக்காகத் தாவினால் நஷ்டம்தான். ஓவர்கிளாக் (கார்டின் வேகத்தைக் கூட்டி வைப்பது) சிக்கல் இதைவிடப் பெரிது. ஈட்சாஷ் மெமரியைப் பிழிகிறது, காபாவ் கணக்குப் போடும் கோரையும் சேர்த்துப் பிழிகிறது. ஒன்றில் நிம்மதியாக ஓடிய அமைப்பு மற்றொன்றில் கிராஷ் ஆகும். இரவில் ஒரு ரிக் (மைனிங் கணினி) விழுந்துகிடந்தால் தாவிச் சேர்த்த லாபமெல்லாம் அதிலேயே போய்விடும்.

பிபிஎல்என்எஸ் பூலை (கடைசியாக வந்த குறிப்பிட்ட எண்ணிக்கை ஷேர்களுக்கு மட்டும் பங்கு தருவது) விட்டு விலகினால் பணம் போய்விடும் என்பதும் பாதி உண்மைதான். விலகிய பிறகும் நம் ஷேர்கள் கணக்கு வரம்புக்குள் இருக்கும்வரை கிடைக்கும் பிளாக்குகளில் (பரிசுக் காயின் தரும் பரிவர்த்தனைத் தொகுப்புகள்) பங்கு வரும். சராசரியில் இழப்பில்லை; தாமதமும் ஏற்ற இறக்கமும் உண்டு. சுற்றுக்குச் சுற்று பங்கு பிரிக்கும் பழைய முறையில்தான், நீண்ட சுற்றில் பிந்தி நுழைபவர் ஏமாறுவார்.

இரண்டு வகைக்கும் பொதுவான இழப்பு ஒன்றைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. லாபப் பட்டியல் காட்டுவது அந்தக் கணத்து நிலவரம். ரேவன்காயின் போல ஒவ்வொரு பிளாக்குக்கும் டிஃபிகல்ட்டி (பிளாக் எடுப்பதன் கடினம்) திருத்தும் சிறு காயினில் பெரிய பூல் ஒன்று இறங்கினால், அந்தக் கூட்டமே லாபத்தைத் தின்றுவிடும். பெரிய காயினுக்கும் இது நடந்திருக்கிறது. 2017-இல் பிட்காயின் கேஷின் அவசர டிஃபிகல்ட்டி விதியால் ஹாஷ் திறன் திரண்டு வருவதும் கலைவதுமாக இருந்தது. நவம்பர் 13 அன்று அந்த விதியையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஸ்கிரிப்ட் என்ற அல்காரிதத்துக்கென்றே செய்த ஏசிக் கருவி வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை. 2014 முதல் லைட்காயினையும் டோஜ்காயினையும் ஒரே ஹாஷில் சேர்த்தே எடுக்கலாம். நான் அதையே முதலிடத்தில் வைப்பேன். ஜிபியு என்றால் என் தேர்வு, ஒரே அல்காரிதத்துக்குள் காயின் மாற்றும் பூல். அல்காரிதம் மாற்றியே தீர வேண்டுமென்றால் கணநேர விலையை நம்பாமல் 24 மணி நேரச் சராசரியைப் பாருங்கள். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் மாறும்படி புரோகிராமில் வரம்பு வையுங்கள்.