மலிவு கேசட் பிளேயர்: புதுசா, பழைய வாக்மேனா, ஃபியோவா?

பாட்டு கேசட்டுகளை விடுங்கள், அதில் பெரும்பாலானவை இப்போது இணையத்திலேயே கிடைக்கும். ஊரிலிருந்து தாத்தா பேசி அனுப்பிய கேசட், கல்யாண வீட்டில் சித்தப்பா பதிவு செய்த நாதஸ்வரம், இதற்கெல்லாம் வேறு பிரதி கிடையாது. சிங்கப்பூரில் நம் வீடுகளில் இப்படி ஒன்றிரண்டாவது இன்னும் அலமாரியில் கிடக்கும். அதனால் எந்த பிளேயர் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், அது டேப்பை என்ன பாடு படுத்தும் என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், விலை அப்புறம்.

ஷாப்பி, லசாடா இணையக் கடைகளில் 20, 30 வெள்ளிக்கு வருகிற பெயர் தெரியாத பிளேயர்கள் வேண்டாம். வெளிக்கூடு வேறு வேறாக இருந்தாலும் பெரும்பாலும் உள்ளே ஓடுவது ஒன்றுதான்: தனாஷின் என்ற ஜப்பானிய நிறுவனம் முன்பு செய்துவந்த மெக்கானிசத்தின் மலிவு நகல். அதில் ஃப்ளைவீல், அதாவது டேப்பின் வேகத்தைச் சீராக வைக்கிற சக்கரம், இலேசாக இருக்கும், டேப் சீராக ஓடாது. பேச்சில் இது அவ்வளவாகத் தெரியாது. தம்புரா சுருதி ஓடுகிற கச்சேரி கேசட்டைப் போட்டுப் பாருங்கள், அசையாமல் நிற்கவேண்டிய சுருதி மேலும் கீழும் ஆடும், இரண்டு நிமிடத்துக்கு மேல் காது தாங்காது. சிலவற்றில் ஸ்டீரியோ என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், இரண்டு காதிலும் வருவது ஒரே ஒலி. இன்னொரு ஆபத்து, ரெக்கார்ட் பட்டன். கை தவறி அழுத்தினால் தாத்தா குரல் போயே போச்சு. எந்த பிளேயர் வாங்கினாலும் சரி, கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தகடுகளையும் முதலில் உடைத்துவிடுங்கள், அப்புறம் அதில் பதிவு ஏறாது.

பழைய சோனி, பானசோனிக், ஐவா? நல்ல நிலையில் கிடைத்தால் ஒலியில் இன்றைய புது பிளேயர் பலவற்றைவிட இவைதான் மேல், டேப்பின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதி உள்ள மாடலும் கிடைக்கும், புதிதாக வருகிறவற்றில் அது இல்லை. ஆனால் 1979-இல் வந்த வாக்மேனின் கேசட் மாடல்களை சோனி ஜப்பானில் 2010-லேயே நிறுத்திவிட்டது, ஆக நம் கைக்கு வருவது எல்லாமே வயதானவை. உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் பாகு மாதிரி உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய சாமான் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017-இல் மூடியபிறகு இதற்கெல்லாம் கரோசல் என்ற பழைய பொருள் விற்கும் செயலிதான் கதி. எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் விற்பவரைச் சந்தித்து வாங்கும்போது இரண்டு பேட்டரியும், போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டும் எடுத்துப் போங்கள். தெரிந்த ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றைக் கைப்பேசியிலும் பிளேயரிலும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். முடிவில் மூன்று வினாடி முந்தினால் வேகம் ஒரு சதவீதம் தப்பு. அது திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யக்கூடியதுதான். வேகம் நிலையில்லாமல் ஆடினால் வாங்காதீர்கள். சூயிங்கம் வடிவ பேட்டரி கேட்கிற மாடலும் வேண்டாம், அந்த பேட்டரிக்கு அலையவேண்டியிருக்கும், சாதாரண டபுள்-ஏ போதும். ஜப்பானிலிருந்து வந்த பழைய அடாப்டர் என்றால் அது 100 வோல்ட், நம் வீட்டு 230-இல் சொருகிவிடாதீர்கள்.

மூன்றாவது, ஃபியோ என்ற சீன நிறுவனத்தின் புது பிளேயர், சிபி13. 2024-இல் வந்தது, சுமார் 100 அமெரிக்க டாலருக்கு. பதிவு, ஆட்டோ ரிவர்ஸ் (கேசட்டை எடுத்துத் திருப்பாமலே மறுபக்கம் ஓட்டுவது), புளூடூத், ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. காசை பெரிய செம்பு ஃப்ளைவீலில் போட்டிருக்கிறார்கள், சுருதி நிற்பதற்கு அதுதான் காரணம். யுஎஸ்பி-சி சார்ஜ், ஒரு சார்ஜில் 13 மணி நேரம் என்கிறது நிறுவனம். பதிவு வசதி இல்லாததை நான் குறையாகவே பார்க்கவில்லை, அழியக்கூடாத கேசட்டுக்கு அதுதான் பாதுகாப்பு. வீ ஆர் ரிவைண்ட் என்ற பிரெஞ்சு பிளேயரில் புளூடூத்தும் பதிவும் உண்டு, அழகும்கூட, ஆனால் விலை இன்னும் கூடுதல்.

பழுது பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் பழைய வாக்மேன், இல்லாவிட்டால் ஃபியோ. எதை வாங்கினாலும் தாத்தா கேசட்டை உடனே போடாதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கலாம், அப்படியே ஓட்டினால் பிளேயரில் டேப்பைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். கேசட்டில் இருக்கும் சின்ன சன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். சுத்தமாக இருந்தால் முழுக்க ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, முதல் தடவை ஓட்டும்போதே ஹெட்போன் துளையிலிருந்து கம்பி போட்டுக் கணினியில் பதிந்துகொள்ளுங்கள்.