ஒயர் கூடையா, பட்டுக்கூடு மாலையா?

தர்மபுரியில் வீட்டிலிருந்தே கைவேலை செய்து விற்க நினைத்தால், என் ஓட்டு ஒயர் கூடைக்குத்தான். சில கட்டு ஒயர், கத்தரிக்கோல், அளக்க ஒரு ஸ்கேல், முதலீடு அவ்வளவுதான். சாதா முடிச்சு கைக்கு வந்துவிட்டால் அப்புறம் நெல்லிக்காய், சிவன் கண் முடிச்சுகள் என்று போகலாம். அவற்றுக்கு ஒயர் கூடுதலாக இழுக்கும், விலையில் அதைச் சேருங்கள். முக்கியமாக உங்கள் கூலியையும். (நான் முதல் நான்கு கூடைகளுக்குக் கூலியே போடவில்லை.) காய்கறி வாங்கப் போகிற யாருக்கும் கூடை வேண்டும்.

பட்டுக்கூடு மாலை வேறு கதை. பட்டுக்கூடு அங்காடி உள்ள ஊர் இது. உள்ளே வளர்ந்த பட்டுப்பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டில் இழை அறுந்திருக்கும், நூல் எடுக்க உதவாது. அதையே வெட்டி, சாயமேற்றிக் கோர்த்தால் மாலை, பார்க்கவும் அழகு. ஆனால் கல்யாணம், பாராட்டு விழா என்று யாராவது கேட்டால்தான் நகரும்.