முழி தள்ளும் தைரொயிட்: குளிசையா, அயடீனா, சத்திரசிகிச்சையா?

கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்கு வழி மூன்று. கழுத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் சரிதான். கண் சிவந்து, இமை வீங்கி, முழி முன்னுக்குத் தள்ளத் தொடங்கியவருக்கு அப்படியில்லை. சுரப்பியைத் தூண்டும் அதே பிறபொருளெதிரிகள்தான் (உடலின் எதிர்ப்புச் சக்தி தவறுதலாக உண்டாக்கும் புரதங்கள்) கண்ணுக்குப் பின்னாலுள்ள தசையையும் கொழுப்பையும் வீங்க வைக்கின்றன.

கதிரியக்க அயடீன் பெரும்பாலும் ஒரே தடவையோடு முடிகிறது. அதனால்தான் பலரும் அதைக் கேட்கிறார்கள். ஆனால் சுரப்பி அழியும்போது அந்தப் பிறபொருளெதிரிகள் கூடி, மாதக் கணக்கில் அப்படியே நிற்கும். ஏறத்தாழ 15 வீதமானோருக்குக் கண் மோசமாகிறது. சுருட்டோ சிகரெட்டோ பிடிப்பவருக்கு ஆபத்து இன்னும் கூட. கண் வீக்கம் அடங்காதவருக்கு இது வேண்டாம் என்றே சொல்வோம். கண் பாதிப்பு லேசாக இருந்து, அயடீனைத் தவிர்க்கவும் முடியாவிட்டால், எடையில் கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மி.கி. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து தொடங்கி மூன்று மாதத்தில் படிப்படியாக நிறுத்துவார்கள்.

சுரப்பைக் குறைக்கும் காபிமசோல் குளிசை கண்ணைக் கெடுக்காது. 12 முதல் 18 மாதம் எடுக்க வேண்டும், அங்கேதான் பிசகுகிறது. படபடப்பு அடங்கியதும் சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் இரத்தம் சோதிக்காமல் பழைய அளவையே விழுங்க, சுரப்பு ஒரேயடியாக விழுந்து, தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனான டி.எஸ்.எச். ஏறுகிறது. இரண்டுமே கண்ணுக்குக் கூடாது. தொண்டை நோவோடு காய்ச்சல் வந்தால் மல்லித்தண்ணி குடித்துப் பார்ப்பம் என்று இருக்காதீர்கள்: குளிசையை நிறுத்தி, அன்றே வெண்குருதிக் கலங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கழலை பெருத்து மூச்சுக்குழாயை அமுக்கினால் சத்திரசிகிச்சைதான் நல்லது. கண்ணுக்கு அதனால் கேடில்லை. குரல் நரம்பு காயப்படலாம். கல்சியம் விழுந்து விரல்நுனி விறைக்கலாம். சுரப்பிக்குப் பதிலாகத் தைரொக்சின் குளிசை ஆயுள் முழுக்க, வெறும் வயிற்றில். தேத்தண்ணி அரை மணி நேரம் கழித்து.

ஆனால் தள்ளிய முழியை இந்த மூன்றில் எதுவும் உள்ளே இழுக்காது. செயற்கைக் கண்ணீர்த் துளி, இரவில் உயர்ந்த தலையணை, சோளகக் காற்றில் வெளிக்கிடும்போது பக்கம் மூடிய கண்ணாடி, இவை எல்லாருக்கும் வேண்டும்.

ஒவ்வொரு கண்ணாக மூடிச் செவ்வரத்தம்பூவைப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் சிவப்பு மங்கினால் பார்வை நரம்பு நெரிபடக்கூடும். கிளினிக் திகதி வரட்டும் என்று நிற்காமல், அன்றே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.